அருவியின் கீழ் ஆண்கள்: குற்றாலச் சீசனும் நட்பின் ஒழுங்கும்

1. கேள்வி

ஆனி மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று இறங்கி, தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நிற்பவரைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கினால் குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டது என்பார்கள். அடுத்த சில நாட்களில் சாலைகளில் வேன்கள் தெரியும். மதுரை, சிவகாசி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று பல ஊர்களிலிருந்தும் கூட்டம் வரும். குடும்பங்களும் வருகின்றன என்றாலும், வார நாட்களிலும் அதிகாலையிலும் நள்ளிரவிலும் அருவிக்கரை ஆண் நண்பர் குழுக்களுக்கே உரியதாகிவிடுகிறது. கல்லூரி மாணவர்கள், அச்சகத் தொழிலாளர்கள், லோடுமேன்கள், செல்போன் கடைப் பையன்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என எல்லா வயதிலும் எல்லாத் தொழிலிலும் இப்படிக் குழுக்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையாவது சேர்ந்து குற்றாலம் போய்வராவிட்டால் தங்கள் நட்புக்கு ஏதோ குறை நேர்ந்துவிட்டதாக அவர்கள் நினைக்கிறார்கள்.

இந்தப் பயணம் ஆண்மையை என்ன செய்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் வழக்கில் உள்ளன. குடி, கூச்சல், பெண்களுக்குத் தொந்தரவு, பைக் சாகசம் என்று அடுக்கி, இது கட்டுப்பாடற்ற ஆண்களின் களியாட்டம் என்கிறது ஒன்று. நட்பைவிடப் புனிதமானது எதுவும் இல்லை என்று கொண்டாடுகிறது மற்றொன்று. நம் திரைப்படங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம். அருவியின் கீழ் நடப்பதை இவ்விரண்டும் கூர்ந்து பார்க்கவில்லை. ஆண்கள் ஒருவரையொருவர் பராமரிக்கும் வழக்கம் ஒன்று குற்றாலத்தில் உறுதியாக இருக்கிறது. நண்பர்களுக்கு நடுவே பொதுவான காரியமோ ஒழுங்கோ அமைந்தபோது அந்தப் பராமரிப்பு பேச்சாகவும் பொறுப்பாகவும் வளர்ந்திருக்கிறது. அது அமையாதபோது வீரப்போட்டியாகச் சரிந்திருக்கிறது. இதுவே என் வாதம்.

2. சாகசமும் நட்பும்: இதுவரை சொல்லப்பட்டவை

சாகசப் பயணத்தையும் ஆண்மையையும் இணைத்துப் பேசும் மரபு நவீன ஐரோப்பாவில் வலுப்பெற்றது. லண்டனில் 1857இல் தொடங்கிய ஆல்பைன் கிளப் நூறாண்டுக்கு மேல் ஆண்களின் சங்கமாகவே இருந்தது. பேடன் பவலின் சாரணர் நூல் 1908இல் வெளிவந்து, காட்டையும் மலையையும் சிறுவர்கள் ஆண்களாகும் பள்ளியாக வகுத்தது. உயரத்தை எட்டுவதும் பிறருக்கு முன்னால் எட்டுவதும் இயற்கையை வெல்வதும் அந்த மரபின் அளவுகோல்கள். அதில் நண்பன் கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பவன், உச்சியே இலக்கு.

இந்த அளவுகோலைக் குற்றாலத்தில் வைத்தால் அளப்பதற்கு எதுவும் கிடைக்காது. பேரருவியை யாரும் ஏறி வெல்வதில்லை. அதன் கீழ் போய் நிற்க மட்டுமே முடியும்.

ஆண்மை ஒன்றல்ல, பல. அவை சமமாகவும் நிற்பதில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை என்று சமூகவியலாளர் ரேவின் கானல் 1995இல் எழுதினார். தமிழகக் கல்லூரி இளைஞர்களிடையே களப்பணி செய்த கான்ஸ்டன்டின் நகாசிஸ், 2016இல் வெளியான நூலில், நமக்கு நன்கு தெரிந்த ஒன்றைத் துல்லியமாகக் காட்டினார். நண்பர் குழு ஒருவனைப் பகட்டாகத் திகழத் தூண்டுகிறது. அவன் அளவு மீறினால் அதே குழு கேலி செய்து கீழே இறக்குகிறது. குழுவே அரங்கமாகவும் காவலாகவும் இருக்கிறது. குற்றாலக் குழுக்களைக் கவனிப்பவர்களுக்கு இது பெரிதும் உதவும். ஆனால் அவருடைய கவனம் நண்பர்கள் ஒருவர்முன் ஒருவர் எப்படித் தோன்றுகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒருவரை ஒருவர் எப்படித் தாங்குகிறார்கள் என்பது தனியாகப் பார்க்க வேண்டிய பொருள்.

நம் சொந்த மரபோ நட்பைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறது. திருக்குறளில் 79ஆம் அதிகாரம் முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் தொடர்ச்சியாக நட்பையும் அதன் கேடுகளையும் ஆராய்கின்றன. சிரித்து மகிழ்வதற்காக மட்டும் நட்பு இல்லை, எல்லை மீறும்போது முன்சென்று இடித்துரைக்கவும்தான் என்கிறார் வள்ளுவர். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் பழகாமலேயே நண்பர்களாகி, கடைசியில் ஒரே இடத்தில் வடக்கிருந்து உயிர்விட்டதைப் புறநானூறு சொல்கிறது. உயர்ந்த இலக்கணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் உடலுக்கு இடம் குறைவு. நட்பு உள்ளங்களின் சேர்க்கையாகவே போற்றப்படுகிறது. குற்றாலத்தில் நடப்பது முழுக்க உடல் சார்ந்தது என்பதால் நம் நட்பிலக்கணம் அதைக் கண்டுகொள்ளாமலே போயிற்று.

3. அருவியின் கீழ்

பேரருவியின் தண்ணீர் ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நேராகத் தலையில் விழுந்தால் யாரும் நிற்க முடியாது. நடுவில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக்குழி அதை வாங்கிக்கொண்டு, வேகம் தணித்து, அகலப்படுத்திக் கீழே விடுகிறது. அப்படித் தணிந்த பிறகும் முதல் அடியில் மூச்சு திணறும்.

புதிதாக வருபவனை நடுவில் நிறுத்துவார்கள். பழகிய இருவர் இரண்டு பக்கமும் நின்று முழங்கைக்கு மேலே இறுகப் பிடித்துக்கொள்வார்கள். முதலில் தோளைக் கொடுக்கச் சொல்வார்கள், பிறகு முதுகை, உச்சந்தலையைக் கடைசியில்தான். தண்ணீரின் இரைச்சலில் பேச்சு கேட்காது. உத்தரவுகள் எல்லாம் கையழுத்தத்தில் போகும். அவன் தடுமாறினால் இடுப்பில் கை கொடுத்து வெளியே இழுப்பார்கள். அறிமுகமில்லாதவர்களும் இதைச் செய்கிறார்கள். “அண்ணாச்சி, என் கையப் பிடிச்சுக்கோங்க” என்று ஒரு இளைஞன் முன்பின் தெரியாத முதியவரை அணைத்தபடி தண்ணீருக்குள் அழைத்துப் போவது குற்றாலத்தில் அன்றாடக் காட்சி. அந்த முதியவரின் மகனே ஊரில் அவரைத் தொட்டுப் பேசி எத்தனை வருடம் ஆகியிருக்குமோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அருவிக்கு முன்னால் எண்ணெய் இருந்தது. தைலக்காரர்கள் பாறையில் படுக்கவைத்துத் தேய்த்துவிடுவார்கள். காசு கொடுக்க மனமில்லாதவர்கள் ஒருவருக்கொருவர் முதுகில் தேய்த்துக்கொள்வார்கள். அந்த அரைமணி நேரத்தில்தான் பேச்சு நடக்கும். முகம் பார்க்காமல் முதுகைப் பார்த்தபடி பேசுவதால், கடன், வேலை போனது, அப்பாவுக்குச் சர்க்கரை, பெண் பார்த்து அமையாதது எல்லாம் வெளியே வரும். சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2014இல் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ பயன்பாட்டைத் தடை செய்தது. அருவி நீர் ஓடும் சிற்றாறு பாசனத்துக்கும் குடிநீருக்கும் உரிய ஆறு. அந்தத் தடை சரியானது, தேவையானது. அதோடு ஆண்கள் ஒருவரையொருவர் தொட்டபடி பேசிய அரைமணி நேரமும் அருவிக்கரையிலிருந்து நகர்ந்துவிட்டது. நீதிமன்றம் எடைபோட வேண்டிய விஷயம் அல்ல அது. நட்பை ஆராய்பவர்களுக்கு முக்கியம்.

அந்தப் பேச்சு இப்போது லாட்ஜ் அறைக்கும், பிரானூர் பார்டரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடும் மேசைக்கும், பெரும்பாலும் பாட்டிலுக்கு முன்னாலும் போய்விட்டது. குடிக்காமல் இருக்கும்போது சொல்ல முடியாத அன்பைக் குடித்த பிறகு சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அதைப் போதையில் உளறியதாகத் தள்ளிவிடுவது நம் ஆண்களின் வழக்கம். மனம் திறப்பதற்கான அனுமதிச்சீட்டாக மது ஆகிவிட்டது. அருவியின் கீழ் கைகள் இயல்பாகச் செய்ததை வாய்க்குச் செய்யத் தெரியவில்லை.

4. கார்த்திகையில் வரும் அதே ஆண்கள்

ஆடியில் வந்தவர்களில் பலர் கார்த்திகையில் திரும்பி வருகிறார்கள், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக. செங்கோட்டை, ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலை செல்லும் குழுக்களுக்குக் குற்றாலம் நீராடும் துறை. அருவி மாறவில்லை. லாட்ஜும் அதேதான், ஆட்களும் பாதிப் பேர் அவர்களேதான். நடத்தை முற்றிலும் வேறாக இருக்கிறது. ஒரு மண்டல விரதத்தில் மது இல்லை, இறைச்சி இல்லை, சவரம் இல்லை. முதலாளியும் தொழிலாளியும் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைக்கிறார்கள். முதன்முறை மலைக்குப் போகும் கன்னிச்சாமியின் கால் கொப்புளத்தைக் குருசாமி குனிந்து பார்க்கிறார். அவன் சாப்பிட்டானா என்று விசாரித்த பிறகே தான் உட்காருகிறார்.

இதைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யாத்திரையின்போது அன்றாட ஏற்றத்தாழ்வுகள் கரைந்து ஒரு தோழமை உருவாகிறது என்று விக்டர் டர்னர் முன்வைத்த கருத்து சபரிமலைக்குப் பொருந்துவதாகவே முதலில் தோன்றும். தமிழ்க் கிராமத்தவரோடு மலையேறிய வேலன்டைன் டானியல், 1984இல் வெளியான நூலில், ‘நான்’ என்ற உணர்வு படிப்படியாக உதிர்வதை உள்ளிருந்து விவரித்தார். பிலிப்போ, கரோலின் ஒசெல்லா இருவரும் 2003இல் எழுதிய கட்டுரை இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. பெண்களிலிருந்து விலகி, துறவின் வலிமையைச் சேர்த்துக்கொண்டு வீடு திரும்பும் ஆண், குடும்பத் தலைவன் என்ற தன் இடத்தை மேலும் உறுதிப்படுத்திக்கொள்கிறான் என்பது அவர்கள் வாதம். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் எல்லா வயதுப் பெண்களையும் அனுமதிக்கத் தீர்ப்பளித்தபோது எழுந்த எதிர்ப்பைப் பார்த்தவர்கள் ஒசெல்லாக்களின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

எனினும் குற்றாலத்தில் நின்று பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. ஆடியில் ஒருவனையொருவன் தள்ளிவிட்டு விளையாடும் அதே கூட்டம், கார்த்திகையில் முதியவருக்கும் சிறுவனுக்கும் வழிவிட்டு வரிசையில் நிற்கிறது. ‘ஆண்கள் கூடினாலே இப்படித்தான்’ என்று சொல்லப்படும் வாதம் அங்கேயே உடைந்துபோகிறது. நான்கு மாதங்களில் ஆண்களின் இயல்பு மாறிவிடவில்லை. அவர்களுக்கு நடுவே ஒரு விரதம் வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பெண்களை விலக்கி வைக்காமல் அந்த ஒழுங்கு சாத்தியமா என்பதே மீதமிருக்கும் கேள்வி. அதற்கு விடை தேடக் குற்றாலத்தின் இன்னொரு நட்பு வட்டத்தைப் பார்க்க வேண்டும்.

5. ரசிகமணியின் வட்டம்

ரசிகமணி என்று அழைக்கப்பட்ட டி. கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி., 1882–1954) சட்டம் படித்தவர். அந்தத் தொழிலில் மனம் ஒட்டாதவர். திருநெல்வேலியில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டு முற்றத்தில் கூடிய நண்பர் குழு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் பெற்றது. பிற்காலத்தில் குற்றாலத்தில் குடியேறிய பிறகு அந்த வட்டமும் அங்கே இடம்பெயர்ந்தது. பிற்காலத்தில் நீதிபதியான எஸ். மகராஜன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், கல்கி, ராஜாஜி, இளைஞராக வந்து சேர்ந்த கி. ராஜநாராயணன் என்று நீளும் பட்டியல் அது. அரசியலிலும் வயதிலும் வருமானத்திலும் இவர்களுக்குள் பெரிய இடைவெளிகள் இருந்தன. அவற்றைக் கடக்க உதவியவர் கம்பர். ஒரு பாடலை எடுத்து டி.கே.சி. வாய்விட்டுப் பாடி, சொல் சொல்லாகப் பிரித்து, மீண்டும் பாடிக் காட்டுவார். அவர் பல பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கியதையும் சில இடங்களில் பாடத்தை மாற்றியதையும் புலவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. இக்கட்டுரைக்கு வேண்டியது வேறு. ஒரு பாட்டுக்காகக் கண்ணீர் விடுவதற்கு அந்த ஆண்களுக்கு அங்கே வெட்கம் இருக்கவில்லை.

நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூல்களாக வந்துள்ளன. சாரல், அருவியில் தண்ணீரின் அளவு, வந்துபோன விருந்தினர், சாப்பிட்டது, ரசித்த பாட்டு என்று சின்னச் சின்னச் செய்திகளால் நிறைந்தவை. ஒரு ஆண் இன்னொரு ஆணிடம் ‘நீ இல்லாமல் இந்தச் சீசன் குறைவாக இருக்கிறது’ என்பதை இவ்வளவு பக்குவமாக உணர்த்திய எழுத்து நம் உரைநடையில் அரிது. அவர் மகன் தீத்தாரப்பன் இளமையில் இறந்தபோது கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதினார். இரு முதியவர்களுக்கு இடையே ஒரு மரணத்தைச் சுமக்கக் கவிதை இருந்தது. இன்று நண்பனின் தந்தை இறந்தால் தோளில் கைவைத்துவிட்டு வேறு பேச்சு எடுக்கும் ஆண்களை நினைக்கும்போது இந்த வேறுபாடு என்னை உறுத்துகிறது. அன்பில் குறைவில்லை, அதைச் சொல்லும் மொழியைத்தான் இழந்திருக்கிறோம்.

இந்த வட்டத்தையும் விமரிசனமின்றிப் போற்ற முடியாது. எம். எஸ். சுப்புலட்சுமி போன்றவர்கள் வந்துபோனாலும் அன்றாடக் கூட்டம் ஆண்களுடையதே. டி.கே.சி.யின் விருந்தோம்பலைப் பற்றி நண்பர்கள் மனம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நேரம் பார்க்காமல் இலை போட்ட அடுக்களையின் உழைப்பு யாருடையது என்பதை அந்தக் காலத்து வீட்டு வழக்கம் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். படித்த, வசதியுள்ள, மேல்தட்டு ஆண்களின் வட்டம் அது என்பதையும் மறக்கக் கூடாது. பின்னாளில் கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் நடத்திய கவிதைப் பட்டறைகள், வேறு வர்க்கத்திலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் வந்த இளைஞர்களை அதே சாரலில் கூட்டிவைத்தன. அங்கும் நடுவில் இருந்தது கவிதை.

6. வளைவும் கயிறும்

பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. தடை விதித்த பிறகும் போலீஸ் கண்ணில் படாமல் உள்ளே போய் வந்தேன் என்று சொல்வது சீசன் கதைகளில் ஒரு வகை. செண்பகாதேவி அருவிக்கும் மேலே உள்ள தேனருவிக்குப் பொதுமக்களை வனத்துறை அனுமதிப்பதில்லை. அங்கே போய்ப் படம் எடுத்துவருவது இன்னொரு வகை. அருவிக் குளியலின் அடிப்படை ஒப்புக்கொடுத்தல். இந்தக் கதைகளில் அது வெற்றியாக மாறிவிடுகிறது. பார்ப்பதற்குக் கைப்பேசி இருக்கும்போது நண்பனைப் பிடிக்க வேண்டிய கை படம் எடுக்கப் போய்விடுகிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அது யாருடைய சாகசத்தாலும் நேர்ந்ததல்ல. மேலே மலையில் பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. இந்த மலையின் குணம் அது, உள்ளூர்க்காரர்கள் அறிந்தது. தண்ணீரின் நிறம் கலங்கினாலோ இலைதழை வரத் தொடங்கினாலோ உடனே வெளியேற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். நண்பர்கள் மட்டுமே சேர்ந்து வரும் பயணத்தில் அப்படிச் சொல்லித்தர ஒரு பெரியவர் பெரும்பாலும் இருப்பதில்லை.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தைத் தமிழ் இளைஞர்கள் 2024இல் அப்படிக் கொண்டாடியதற்கும் இதில் தொடர்புண்டு என்று நினைக்கிறேன். கொடைக்கானல் குணா குகையில் 2006இல் குழிக்குள் விழுந்த நண்பனை இன்னொருவர் கயிற்றில் இறங்கி மீட்ட உண்மை நிகழ்ச்சி அது. படத்தில் வருபவர்களைக் குடிகாரக் கும்பலாகப் பார்த்து எழுத்தாளர் ஜெயமோகன் கடுமையாகச் சாடினார். பெரும் சர்ச்சை எழுந்தது. காடுகளிலும் அருவிகளிலும் உடைந்த பாட்டில்களை மிதித்தவர்களுக்கு அவருடைய கோபம் புரியும். ஆனால் அந்தப் படத்துக்கு அழுத இளைஞர்கள் குடியைக் கொண்டாடி அழவில்லை. தடுப்பைத் தாண்டிய துணிச்சல் படத்தின் முதல் பாதியோடு முடிந்துவிடுகிறது. விழுந்தவனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக மறுத்ததே அவர்களை உலுக்கியது. பராமரிப்பை வெளிப்படையாகப் பார்க்க ஒரு விபத்து தேவைப்பட்டது என்பதே வருத்தம்.

தென்மாவட்டத்தில் இதைப் பேசும்போது சாதியை விட்டுவிட முடியாது. நண்பர் குழுக்களில் பெரும்பகுதி தெருவில் உருவாகின்றன, தெருக்கள் சாதியால் ஆனவை. அருவிக்கரையில் சட்டையும் பனியனும் கழன்ற பிறகும் பல இளைஞர்களின் மணிக்கட்டில் வண்ணக் கயிறு இருக்கிறது. நிறத்தைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். காப்பாற்ற வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. சக மாணவனை வெட்டத் துணிந்ததும் ஒரு ‘நண்பர்’ குழுதான். குழுவுக்காக எதையும் செய்வேன் என்ற உறுதியே ஓரிடத்தில் உயிரைக் காக்கிறது, இன்னோரிடத்தில் உயிரை எடுக்கிறது. அருவி இந்தக் கயிற்றை அவிழ்ப்பதில்லை. முன்பின் தெரியாத முதியவரின் கையைப் பிடிக்கும்போது மட்டும் யாரும் அவர் சாதியைக் கேட்பதில்லை. கேட்க நேரமும் இருப்பதில்லை.

7. அடுத்த பகுதியில் நிற்பவர்கள்

பேரருவியில் பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே நடப்பதை ஆண் நட்பைப் பற்றிய ஆய்வுகள் எட்டிப் பார்ப்பதில்லை. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு, தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் பெண்கள் மட்டும் குழுவாக வந்துபோவதை அடிக்கடி காண்கிறேன். இந்த வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு மாற்றுச் சேலையைப் பையில் திணித்துக்கொண்டு வருகிறார்கள். புதிதாக வருபவளை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் கையைப் பிடித்து, முதலில் தோளைக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆண்கள் பக்கம் நடப்பதேதான் அங்கும் நடக்கிறது. அதைச் சாகசம் என்றோ நட்பின் சோதனை என்றோ அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. பேசுவதற்குக் குடியும் தேவைப்படுவதில்லை. பேருந்திலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுகிறார்கள்.

ஆண்கள் லாட்ஜிலிருந்து துண்டோடு கடைத்தெரு வழியாக நடந்துவர முடிகிறது. பெண்கள் நனைந்த சேலைக்கு மேல் துண்டு போர்த்தி, உடைமாற்றும் அறை வாசலில் வரிசையில் காத்திருக்கிறார்கள். ஆண்கள் நள்ளிரவுக் குளியலைத் தங்கள் நட்பின் உச்சமாகச் சொல்கிறார்கள். பெண்களின் குழு விளக்கு வைப்பதற்குள் தென்காசி பேருந்து நிலையம் திரும்ப வேண்டும், இரவுச் சமையல் காத்திருக்கிறது. குற்றால இரவுகளில் ஆண்கள் அனுபவிக்கும் நட்பின் நேரத்தில் ஒரு பகுதி இந்த அடுப்புகளிலிருந்து வருகிறது. சீசனுக்கு வரும் நண்பர் குழுக்களைப் பற்றி அடுத்து எழுதுபவர், அருவிக்கரையில் குறிப்பெடுப்பதோடு நிறுத்தாமல், அவர்கள் கிளம்பி வந்த வீடுகளுக்கும் போய், அந்த இரண்டு நாட்களில் அங்கே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.